சின்ன விமான நிலையம் வீட்டுமனை ஆகப்போகிறது போலிருக்கிறது. தடுத்து நிறுத்தியவர்கள் யாராவது உண்டா?

வால்சக்கரம் எழுதியது:

நான் பறக்கக் கற்றுக்கொண்ட இடம் ஒரு சின்ன விமான நிலையம். ஒரே ரன்வே, 900 மீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோல் டவர் கிடையாது. ரேடியோவில் நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்குவோம். ஒரு பயிற்சிப் பள்ளி, ஒரு மெக்கானிக் பட்டறை, ஒரு பெட்ரோல் பம்ப், விமானம் நிறுத்தும் தகரக் கூரை ஹேங்கர்கள், அவ்வளவுதான். இரண்டு இருக்கை விமானம் ஒன்றில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

சமீபத்தில் எல்லா ஹேங்கர் கதவிலும் ஒரே மாதிரி கடிதம் ஒட்டியிருந்தார்கள். வருடக் குத்தகை இனிமேல் புதுப்பிக்கப்படாது, மாதா மாதம்தான், 30 நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்று. அதற்கு முன்பே ரன்வே ஓர விளக்குகளில் பாதி எரியவில்லை. கேட்டால் "பட்ஜெட் வரவில்லை". போன வாரம் ரன்வேயின் மேற்கு முனைக்கு அப்பால் புல்லுக்குள் சிவப்புப் பெயின்ட் அடித்த அளவு முளைக்குச்சிகளைப் பார்த்தேன். நிலம் அளக்கும் முக்காலிக் கருவி வைத்துக்கொண்டு நின்றவரிடம் கேட்டேன். "சும்மா லெவல் எடுக்கிறோம் சார்" என்றார். சும்மா யார் லெவல் எடுப்பார்கள்?

ஊர்க் குழுக்களில் இப்போதே சண்டை. "பத்துப் பணக்காரர்கள் விளையாட இவ்வளவு நிலமா?" என்று ஒருவர். எங்கள் பள்ளியில் படிப்பவர்களில் பாதிப்பேர் இரவு ஷிப்ட் வேலை பார்த்துச் சம்பாதித்துப் பறக்கிறார்கள். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். விமான நிலையத்தை இப்படி விற்றுவிட முடியுமா? சட்டம் எதுவும் குறுக்கே வராதா? எங்கேயாவது ஜெயித்திருக்கிறார்களா? அந்த முளைகளைப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

---

ஹேங்கர்நிழல் எழுதியது:

தம்பி, முளையை விடுங்கள். விஷயம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

நான் ஒரு சின்ன விமான நிலைய அலுவலகத்தில் ஹேங்கர் வாடகை, எரிபொருள் கணக்கு, குத்தகை எல்லாம் பார்த்து ஓய்வு பெற்றவன். பைலட் இல்லை. பறப்பதில் பெரிய ஆசையும் இல்லை. ஆனால் ஒரு விமான நிலையம் எப்படிச் சாகும் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

குத்தகை மாதக் கணக்குக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் மெக்கானிக் யோசிப்பார். புது கம்ப்ரஸர் வாங்க வங்கிக்குப் போனால், "இடம் எத்தனை வருஷம் உங்களிடம் இருக்கும்?" என்பார்கள். பதில் இல்லை, கடனும் இல்லை. அவர் வேறு இடம் பார்த்துவிடுவார். பட்டறை போனால், வருடாந்தரப் பரிசோதனைக்கு விமானங்கள் வேறு ஊருக்குப் பறக்கும். அங்கே ஹேங்கர் காலியாக இருந்தால் திரும்பி வராது. பயிற்சிப் பள்ளி புது மாணவரிடம் முழுப் பணத்தை வாங்கத் தயங்கும். இதெல்லாம் நடக்கும்போது தரையிறங்கும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. முதலில் விழுவது பம்பில் போகும் லிட்டர். விற்பனை குறைந்தால் டேங்கர் லாரி அடிக்கடி வராது, பம்பைச் சரிபார்க்கும் செலவு கட்டாது, ஒருநாள் "பழுது" என்று அட்டை தொங்கும். அப்புறம்தான் ஆலோசகர் ஒருவர் கோப்போடு வந்து "பயன்பாடு குறைந்துவிட்டது" என்று எழுதுவார். அவர் எழுதுவது பொய் இல்லை. குறைத்தது யார் என்பதுதான் அந்த அறிக்கையில் இருக்காது.

அதனால் "விற்க முடியுமா?" என்று கேட்பதற்கு முன்னால் நிலம் யாருடையது என்று பாருங்கள். தனியாருடையது என்றால் வழி குறைவு. டொரண்டோ பக்கத்தில் பட்டன்வில் என்று ஒன்று, கனடாவில் மிகவும் பரபரப்பான சின்ன விமான நிலையங்களில் அதுவும் ஒன்று. தனியார் நிலம். வருடக்கணக்காக இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, 2023 நவம்பரில் மூடிவிட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடம் என்பது அதைக் காப்பாற்றவில்லை.

நகராட்சியோ மாவட்டமோ வைத்திருந்தால் பழைய காகிதங்களில் எங்காவது ஒரு முடிச்சு இருக்கும். அமெரிக்காவில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. மத்திய அரசிடம் ரன்வே போடப் பணம் வாங்கினால், பொதுவாக 20 வருஷம் அதை விமான நிலையமாகவே நடத்தவேண்டும் என்று நிபந்தனை. அந்தப் பணத்தில் நிலமே வாங்கியிருந்தால் அதற்குக் காலவரையே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கொடுத்த நிலங்களில் பலவும் 1944ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி கைமாறியவை, விமான நிலையமாகவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. இதையெல்லாம் தாண்டவேண்டும் என்றால் விமானத் துறையின் அனுமதி வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் நாடாளுமன்றமே சட்டம் போடவேண்டும். கலிபோர்னியாவில் ரியால்டோ அப்படித்தான் போனது. 2005இல் ஒரு நெடுஞ்சாலைச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக நுழைத்து அனுமதி வாங்கினார்கள். 2014இல் மூடினார்கள். நெடுஞ்சாலைச் சட்டத்தில் விமான நிலையத்தை யார் தேடுவார்கள், சொல்லுங்கள்.

சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், பழைய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் கம்ப்யூட்டர் விளையாட்டைத் திறந்தால் முதலில் நிற்கும் ரன்வே அதுதான். 2001இல் அங்கே மாநில கவர்னரும் மேயரும் 2026 வரை திறந்து வைப்பதாக உடன்பட்டார்கள். அதை மத்திய சட்டமாக்கும் முயற்சி நிறைவேறவில்லை. 2003 மார்ச் 30 இரவு அதே மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி ரன்வேயில் ஆறு பெரிய எக்ஸ் குறிகளைத் தோண்டவைத்தார். பாதுகாப்புக் காரணம் என்றார். உள்ளே 16 விமானங்கள் மாட்டிக்கொண்டன. பிறகு ரன்வேக்கு விமானம் ஊர்ந்து போகும் பாதையான டாக்சிவேயில் ஓடி மேலெழும்ப அனுமதித்தார்கள். 30 நாள் முன்னறிவிப்பு தராததற்கு நகரம் கட்டிய அபராதம் எவ்வளவு தெரியுமா? 33,000 டாலர். விமான நிலையப் பணத்தைத் தப்பாகச் செலவழித்ததற்குப் பத்து லட்சம் டாலர் திருப்பிக் கொடுத்தார்கள், அது வேறு கணக்கு. நகரத்துக்கு இரண்டும் சில்லறைக் காசு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "மேயர் வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்று உங்கள் ஊரில் யாராவது சொன்னால் மெய்க்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வாக்கு எந்தக் காகிதத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். திட்டாமல் படியுங்கள்.

எங்கள் வீடு ஒரு சின்ன விமான நிலையத்தின் சர்க்யூட் பாதைக்குக் கீழே இருக்கிறது. விமானம் போனால் பரவாயில்லை, போய்விடும். ஆனால் பயிற்சி விமானம் போவதில்லை. இறங்குகிறது, சக்கரம் தொட்டதும் மறுபடி ஏறுகிறது, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி எங்கள் மொட்டைமாடிக்கு மேல் வருகிறது. ஒரே விமானம், ஒரே மாணவர், சனிக்கிழமை காலை முழுக்க. ஆயிரம் அடி உயரம் என்பது உங்களுக்கு உயரம். தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது தலைக்கு மேல்தான். "விமான நிலையம் முதலில் வந்தது, நீங்கள்தான் பிறகு வந்தீர்கள்" என்பார்கள். வாடகைக்கு இருப்பவர்களிடம் இதைச் சொல்வது என்ன நியாயம்? எங்களால் கட்டமுடிந்த வாடகை அங்கேதான் கிடைத்தது.

சத்தத்தை விடுங்கள். ஈயம்? கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோலை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. உங்கள் பிஸ்டன் விமானங்கள் ஊற்றும் 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். பெயரிலுள்ள எல்எல்லுக்கு அர்த்தம் "குறைந்த ஈயம்" வேறு. அமெரிக்காவில் காற்றில் கலக்கும் ஈயத்தில் பெரும்பங்கு இந்த விமானங்களிலிருந்து வருவது என்று அவர்களுடைய சுற்றுச்சூழல் துறையே சொல்கிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தைச் சுற்றியுள்ள குழந்தைகளின் ரத்தத்தைப் பற்றி 2021இல் ஆய்வு வந்தது. நிலையத்துக்கு அருகே போகப்போக ஈய அளவு கூடுகிறது என்று. 2022 ஜனவரி 1 முதல் அந்த மாவட்டம் ஈயப் பெட்ரோல் விற்பதையே நிறுத்திவிட்டது.

வீடு இல்லாமல் அலைகிறவர்களும் இருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் புல் மட்டும் வளரும் நிலத்தில் வீடு கட்டினால் என்ன தப்பு? உண்மையாகவே கேட்கிறேன்.

---

வால்சக்கரம் எழுதியது:

@மூன்றாம்மாடி, திட்ட ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலை சுற்றுகிற அந்த மாணவன் போன வருஷம் நான்தான், வேறு ஊரில். எங்கள் பள்ளியில் ஒரு விமானம் ரோட்டாக்ஸ் எஞ்சின், சாதாரண கார் பெட்ரோலிலேயே ஓடும். மற்றவை பழைய எஞ்சின்கள், 100எல்எல்தான். ஊர்க் கூட்டத்தில் ஈயம் பற்றிக் கேட்டால் எங்கள் ஆட்கள் பேச்சை மாற்றுகிறார்கள். எனக்கே சங்கடமாக இருக்கிறது.

@ஹேங்கர்நிழல் அண்ணே, நிலம் மாவட்டத்துடையது. நடத்துவது ஒரு தனியார் கம்பெனி, குத்தகைக்கு.

---

அளவுச்சங்கிலி எழுதியது:

நான் நகரமைப்பு வரைபடங்களோடு வேலை செய்பவன். முளையை விடுங்கள் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் விடமாட்டேன். ஏனென்றால் முளை ரன்வேக்குள் இல்லை, ரன்வே முனைக்கு அப்பால் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிலையத்தை மூடாமலே கொல்லும் வழி அது.

சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில், அதாவது சிகாகோ உடன்படிக்கையின் 14ஆம் இணைப்பில், ரன்வே முனையிலிருந்து வெளியே சாய்ந்து ஏறும் ஒரு கற்பனைத் தளம் உண்டு. எந்தக் கட்டடமும் அதைத் துளைக்கக் கூடாது. மிகச் சிறிய ரன்வேக்களுக்கு அதன் சரிவு 20க்கு 1. அந்தத் தளம் தொடங்கும் இடத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி என்றால் 20 மீட்டர் உயரம்தான் அனுமதி. ஆறு மாடி கட்டி மேலே தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் வைத்தால் முடிந்தது. அப்புறம் என்ன செய்வார்கள்? கட்டடத்தை இடிக்கமாட்டார்கள். இறங்கும் கோட்டை ரன்வேக்குள் நகர்த்துவார்கள். முனையில் வெள்ளை அம்புக்குறி வரைந்த பகுதி இருக்குமே, விமானம் அதில் ஓடலாம், இறங்கக் கூடாது. 900 மீட்டரில் 200 போனால், வெயில் நாளில் இரண்டு பேரும் முழு டாங்கும் வைத்துக்கொண்டு உங்கள் விமானம் அங்கே இறங்குமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மும்பையின் ஜுஹூ இதற்கு உதாரணம். 1928இல் தொடங்கிய நிலையம். ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அஞ்சல் மூட்டையோடு வந்து இறங்கிய இடம். யாரும் அதை மூடவில்லை. சுற்றிக் கட்டடங்கள் வளர்ந்தன. இன்று பெரும்பாலும் ஹெலிகாப்டர்கள்தான்.

ஜெயித்தவர்களைக் கேட்டீர்கள். வாட்சன்வில் வழக்கைப் படியுங்கள். கலிபோர்னியாவில் ஒரு சின்ன நகராட்சி நிலையம், இரண்டு ரன்வே குறுக்கே குறுக்கே. பக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்புத் திட்டம் வரவேண்டும். ஆனால் சின்ன ரன்வேயின் முனையில் பாதுகாப்பு மண்டலம் இருப்பதால் அங்கே வீடுகளை நெருக்கமாகக் கட்டமுடியாது. நகராட்சி என்ன செய்தது தெரியுமா? அந்த ரன்வேயை "குறைந்த பயன்பாட்டு ரன்வே" என்று வகை மாற்றியது. வகை மாறினால் மண்டலம் சுருங்கும், மண்டலம் சுருங்கினால் வீடு கட்டலாம். ஒரு அங்குலத் தாரைக்கூடத் தொடவில்லை, காகிதத்தில் ஒரு சொல்தான் மாறியது. பைலட்டுகள் சங்கம் வழக்குப் போட்டது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. மாநிலத்தின் பாதுகாப்பு மண்டல விதிகளை நகராட்சி தன் விருப்பத்துக்குத் தளர்த்த முடியாது என்று.

அந்த மண்டலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மேலெழும்பி 300, 400 அடியில் எஞ்சின் நின்றால் திரும்பி வர உயரம் போதாது. மூக்கைத் தாழ்த்தி நேராக முன்னால் எதில் இறங்கலாம் என்று பார்ப்பதுதான் பைலட்டுக்குக் கற்றுத்தருவது. முன்னால் புல்வெளி இருந்தால் பெரும்பாலும் உயிரோடு நடந்து வருவார். மூன்றாம்மாடி, இது பைலட்டுக்காக மட்டும் அல்ல, அங்கே குடிவரப்போகிறவர்களுக்காகவும்தான்.

இன்னொன்று. இங்கிலாந்தில் 2018இல் திருத்திய திட்டமிடல் கொள்கையில் இரண்டு விஷயம் வந்தது. சின்ன விமானத்தளங்களின் வலைப்பின்னலைப் பேணுவது முக்கியம் என்று ஒன்று. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலுக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவர்தான் சத்தத்துக்கான தீர்வைச் செய்யவேண்டும் என்று இன்னொன்று. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவது கட்டுபவர் பாடு. வாடகைக்காரர் தலையில் விழாது. உங்கள் ஊர் விதியில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கேட்டுப் பெறவேண்டியது அதுதான்.

---

ஹேங்கர்நிழல் எழுதியது:

அளவுச்சங்கிலி சொன்னது சரி. முளையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மாடிக்கு: ஈயத்தில் நீங்கள் சொல்வதற்கு மறுப்பே இல்லை. குறைந்த அழுத்த எஞ்சின்கள் பல ஈயமில்லாத பெட்ரோலில் ஓட அனுமதி இருக்கிறது. அந்தப் பெட்ரோலுக்கு ஒரு தொட்டி வைக்காமல் "மாற்று இல்லை" என்று சொல்லும் நிர்வாகத்தின் மேல் எனக்கும் கோபம்தான். பைலட்டுகள் இதைத் தாங்களாக முன்வந்து கேட்டிருக்கவேண்டும். எதிராளி கேட்டபிறகு கேட்டால் மதிப்பு இல்லை. சர்க்யூட்டைச் சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முன் நிறுத்துவது, பாதையை வீடு இல்லாத பக்கம் திருப்புவது, இதெல்லாம் ஒரு பைசா செலவில்லாமல் முடிகிற காரியம். மின்சாரப் பயிற்சி விமானத்துக்கே ஐரோப்பாவில் 2020இல் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். சத்தம் நன்றாகக் குறைவு. பறக்கும் நேரமும் குறைவு, ஆனால் சர்க்யூட் அடிக்கப் போதும்.

ஆனால் "மூடினால் வீடு வரும்" என்று நம்பாதீர்கள். கனடாவின் எட்மன்டனில் நகர நடுவில் இருந்த நிலையத்தை 2013இல் மூடினார்கள். முப்பதாயிரம் பேருக்கு வீடு என்று திட்டம். முதல் குடும்பம் குடிவந்தது 2020இல். இங்கிலாந்தில் ப்ளிமத் நிலையம் 2011 டிசம்பரில் மூடியது. பத்து வருஷம் தாண்டியும் அங்கே விமானமும் இல்லை, வீடும் இல்லை. பெர்லின் டெம்பல்ஹோஃப் 2008இல் மூடியபிறகு, ஓரத்தில் வீடு கட்டலாம் என்று அரசு சொன்னதை 2014இல் மக்களே ஓட்டுப் போட்டு நிறுத்தினார்கள். இப்போது ரன்வேயில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒழுங்காகச் செய்ததும் உண்டு, அமெரிக்காவில் ஆஸ்டினின் பழைய முல்லர் விமான நிலையம் நல்ல குடியிருப்பாகிவிட்டது. ஆனால் அது 1999இல் புது நிலையம் திறந்தபிறகு மூடியது. ஓடிப்போக இடம் இருந்தது. உங்கள் ஊரில் அந்தப் பள்ளியும் பட்டறையும் எங்கே போகும் என்று கேட்டுப்பாருங்கள், பதில் வருகிறதா என்று.

கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் பைலட்டுகள் தோற்றார்கள். நகரமும் மத்திய அரசும் 2017இல் உடன்பட்டு, கிட்டத்தட்ட 5,000 அடி ரன்வேயை 3,500 அடியாக வெட்டினார்கள். 2028 முடிந்தபிறகு மூடலாம். ஆனால் அதற்கு முன்பே, 2014இல், ஊர் மக்கள் ஒரு தீர்மானத்தை ஓட்டில் ஜெயிக்கவைத்திருந்தார்கள்: மூடினாலும் அங்கே பூங்காவும் மைதானமும் தவிர வேறு கட்டவேண்டும் என்றால் மக்களிடம் கேட்கவேண்டும். விமானச் சத்தம் பிடிக்காதவர்களுக்கே பில்டரையும் பிடிக்கவில்லை பாருங்கள். தம்பி, உங்களுக்கு ஓட்டு அங்கேதான் இருக்கிறது.

1989 அக்டோபரில் லோமா ப்ரியேட்டா நிலநடுக்கத்தில் சாலைகள் அடைபட்டபோது வாட்சன்வில்லுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோனவர்களில் சின்ன விமானக்காரர்கள் நிறைய. அதே ரன்வேக்கள்தான் பிறகு நீதிமன்றம் வரை போனது. உங்கள் ஊர் தீயணைப்புத் துறையும் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரும் அந்த நிலையத்தை எத்தனை தடவை பயன்படுத்தின என்ற பதிவேடு அலுவலகத்தில் இருக்கும். பைலட்டுகள் கூட்டத்தில் அழுவதைவிட அந்தத் துறைக்காரர் ஒருவர் வந்து ஒரு நிமிஷம் பேசினால் எடுபடும்.

---

வால்சக்கரம் எழுதியது:

அடுத்த வாரம் மாவட்டக் கூட்டம். எங்கள் நிலையம் சம்பந்தமாக நிகழ்ச்சி நிரலில் "நிலப் பயன்பாட்டு ஆய்வு" என்று ஒரு வரிதான் இருக்கிறது. பேச மூன்று நிமிடம் தருவார்கள். எதைக் கேட்பது?

---

ஹேங்கர்நிழல் எழுதியது:

பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மாவட்டத்துக்கு நிலம் வந்த பத்திரத்தின் நகல், ரன்வேக்கும் விளக்குக்கும் இதுவரை வாங்கிய அரசு மானியங்களின் நிபந்தனைகள், நடத்தும் கம்பெனியோடு போட்ட குத்தகை ஒப்பந்தம், இந்த மூன்றையும் கேளுங்கள். குத்தகையில் பராமரிப்பு யார் பொறுப்பு என்ற பிரிவு கட்டாயம் இருக்கும். எரியாத விளக்குகளைத் தேதி தெரியும்படி படம் எடுத்து அதோடு இணைத்துவிடுங்கள். கம்பெனி ஒப்பந்தத்தை மீறியிருந்தால் பேச்சு வேறு திசையில் போகும்.

---

அளவுச்சங்கிலி எழுதியது:

முளைகளின் இடத்தையும் போன் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள், பிடுங்காதீர்கள். ரன்வே முனையிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்று இங்கே போடுங்கள். எத்தனை மாடிக்கு அளக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

அந்தக் கூட்டத்தில் ஈயமில்லாத பெட்ரோலும் காலை நேரக் கட்டுப்பாடும் எழுத்தில் கேட்பீர்கள் என்றால், எங்கள் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் எழுதிய கடிதத்தை இங்கே போடுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.